வீட்டின் வெப்பம் யார் கையில்?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

முன்னுரை

குளிர் என்றதும் நமக்கு மார்கழி மாதத்து விடியற்காலைதான் நினைவுக்கு வரும். போர்வையை இன்னும் சிறிது இழுத்துப் போர்த்திக்கொண்டால் தீர்ந்துவிடும் குளிர் அது. வெயில் ஏறியதும் அதையும் மறந்துவிடுவோம். ஆனால் இங்கிலாந்து, கனடா, பின்லாந்து போன்ற நாடுகளின் குளிர் அத்தகையதன்று. அங்கே ஆண்டில் பல மாதங்கள் வீட்டைச் சூடாக்காமல் வாழ இயலாது. வெப்பம் நின்றுபோனால் குழாயில் தண்ணீர் உறைந்து, குழாயே வெடித்துவிடும். முதியோரும் கைக்குழந்தைகளும் நோயில் விழுவர். நமக்கு அடுப்பும் விளக்கும் எப்படியோ, அவர்களுக்கு வெப்பமும் அப்படியே.

அந்த வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் 'ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்' என்னும் கருவி இப்போது பல வீடுகளில் இடம்பெற்றுள்ளது. இது இணையத்தோடு இணைந்தது. கைப்பேசி வழியாக எங்கிருந்தும் இயக்கத்தக்கது. இக்கருவி நன்மை தருவதா, தீமை தருவதா என்று எங்கள் வகுப்பு இலக்கிய மன்றத்தில் இரு அணியாகப் பிரிந்து வாதிட்டோம். மணி அடித்தபின்னும் வாதம் ஓயவில்லை. அதன் பயனே இக்கட்டுரை.

"வெயில் கொளுத்தும் ஊரில் இருந்துகொண்டு வீட்டைச் சூடாக்கும் பேச்சு எதற்கு?" என்று சிலர் நகைக்கலாம். நம் பள்ளியில் படித்த அக்காமார் சிலர் அந்நாடுகளில் செவிலியராகப் பணியாற்றுகின்றனர். நாளை நம்மில் சிலரும் அங்கே செல்லக்கூடும். அன்றியும், குளிர்நாட்டு வீடுகளில் வெப்பத்தை ஆளும் இத்தகைய கருவி, நம் நாட்டு வீடுகளில் குளிர்சாதனத்தையும் கீசரையும் ஆள வந்துகொண்டிருக்கிறது. ஆகவே இது நம் வீட்டுக் கதையும் ஆகும்.

கருவி பிறந்த கதை

நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் பாருங்கள். அளவான சூடு ஏறியதும் அதன் சிறு விளக்கு அணைகிறது. ஆறியதும் மீண்டும் எரிகிறது. பழைய மாதிரிப் பெட்டிகளில் இதைச் செய்வது உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை. இருவேறு உலோகங்களை ஒன்றாக ஒட்டிச் செய்த பட்டை அது. வெப்பத்தால் ஓர் உலோகம் மற்றதைவிட மிகுதியாக விரிவதால் பட்டை வளைகிறது. வளைந்தால் மின்சுற்று துண்டிக்கப்படுகிறது. நிமிர்ந்தால் மீண்டும் இணைகிறது. தெர்மோஸ்டாட் என்பதன் அடிப்படை இவ்வளவே.

இதை வீட்டு வெப்பத்திற்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர் ஓர் ஆசிரியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒயிட்வாட்டர் என்னும் ஊரிலிருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றியவர் வாரன் ஜான்சன். அக்காலத்தில் பள்ளிப் பணியாளர் ஒவ்வொரு வகுப்பறைக்குள்ளும் நுழைந்து, எவ்வளவு குளிர் என்று பார்த்துவிட்டுக் கீழே சென்று உலையைச் சரிசெய்ய வேண்டும். பாடம் நடுவே இப்படி வந்து போவது ஆசிரியருக்கு இடையூறாக இருந்தது. ஜான்சன் சிந்தித்தார். அறையின் வெப்பநிலையைக் கீழே இருப்பவருக்கு மின்சாரத்தால் அறிவிக்கும் கருவி ஒன்றைச் செய்து, 1883இல் அதற்கு காப்புரிமை பெற்றார். அதே காலத்தில் மினியாபோலிஸ் நகரில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர், அறை குளிர்ந்தால் உலையின் காற்றுக் கதவைத் தானே திறந்துவிடும் கருவியை உருவாக்கினார்.

1953இல் ஹனிவெல் நிறுவனம் வட்ட வடிவத் தெர்மோஸ்டாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுவரில் இருக்கும் வட்டத்தைத் திருகினால் போதும். குழந்தையும் திருகலாம், பாட்டியும் திருகலாம். பின்னர் 2011இல் 'நெஸ்ட்' என்னும் கருவி வந்தது. நாம் எப்போது கூட்டுகிறோம், எப்போது குறைக்கிறோம் என்பதை அது சில நாட்கள் கவனித்து, பிறகு தானே அதைச் செய்யத் தொடங்கியது. வீட்டில் நடமாட்டம் இல்லை என்றால் வெப்பத்தைத் தாழ்த்தியது. 2014இல் கூகுள் நிறுவனம் 320 கோடி டாலர் கொடுத்து அந்நிறுவனத்தை வாங்கியது. சுவரில் இருந்த ஒரு சிறு திருகிக்கு இவ்வளவு விலையா என்று நமக்கு வியப்பு உண்டாகிறது. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

நன்மைகள்

முதலில் நன்மைகளை நேர்மையாக எடுத்துக் கூறுவோம்.

முதல் நன்மை, எரிபொருள் சிக்கனம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வீடுகள் செலவிடும் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு, வீட்டைச் சூடாக்குவதற்கே போகிறது. ஆளில்லாத வீட்டைப் பகல் முழுவதும் சூடாக்குவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதைப் போன்றது. அமெரிக்க அரசின் 'எனர்ஜி ஸ்டார்' திட்டத்தார், இக்கருவியால் வெப்பமூட்டல், குளிரூட்டல் செலவில் சராசரியாக 8 விழுக்காடு மிச்சமாகும் என்று கணக்கிட்டுள்ளனர். நூறு ரூபாயில் எட்டு ரூபாய் என்றால் சிறியதாகத் தோன்றலாம். இலட்சக்கணக்கான வீடுகளில் எட்டு எட்டாகச் சேர்ந்தால், எரியாமல் மிஞ்சும் எரிவாயுவும் நிலக்கரியும் எவ்வளவு! அவ்வளவு புகையும் வானில் கலவாமல் நிற்கும்.

இரண்டாவது நன்மை, முதியோர்க்கு உதவி. தனியே வாழும் தாயின் வீடு எத்தனை பாகையில் இருக்கிறது என்பதை, வேறு நகரில் பணியாற்றும் மகள் கைப்பேசியில் பார்க்கலாம். தாய் மறந்திருந்தால் மகள் கூட்டிவைக்கலாம். வீட்டினுள் 18 பாகை செல்சியசுக்குக் குறையாமல் வெப்பம் இருத்தல் நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவுறுத்தியது. அதற்குக் கீழே இறங்கினால் உடனே எச்சரிக்கும் கருவி நல்ல காவலாளி அன்றோ? கை நடுங்குவோர்க்கும், சக்கர நாற்காலியில் இருப்போர்க்கும், சுவர் வரை செல்லாமலே வெப்பத்தை மாற்றிக்கொள்ள முடிவது பெரிய ஆறுதல்.

மூன்றாவது நன்மை, பூட்டிய வீட்டைக் காத்தல். ஊருக்குச் சென்றிருக்கும்போது வீட்டின் வெப்பம் உறைநிலையை நெருங்கினால் கருவி செய்தி அனுப்பும். குழாய் வெடித்து வீடு நீரில் மூழ்குவதைத் தடுக்கலாம்.

தீமைகள்

இனி நாணயத்தின் மறுபக்கம்.

தானே நினைக்கும் கருவி தானே தவறவும் செய்யும். 2016 ஜனவரியில், கடுங்குளிர் நேரத்தில், நெஸ்ட் கருவிகள் பலவற்றின் மின்கலம் தீர்ந்துபோயிற்று. நிறுவனம் அதற்குமுன் டிசம்பரில் அனுப்பிய மென்பொருளில் இருந்த பிழையே காரணம். நள்ளிரவில் வீடு குளிர்ந்து, மக்கள் விழித்துக்கொண்டனர். அவர்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் நேர்ந்த பிழை, இவர்கள் படுக்கையறையில் குளிராக வந்து நின்றது.

அதே ஆண்டு பின்லாந்து நாட்டின் லப்பேன்ராண்டா நகரில், இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. கணினி தன்னைத் தானே நிறுத்தித் திரும்பத் தொடங்கிக்கொண்டே இருந்ததால், வெப்பமூட்டல் தடைப்பட்டது. நவம்பர் மாதத்துப் பின்லாந்தில் வெப்பம் இல்லாத வீட்டை எண்ணிப் பாருங்கள். பழைய திருகியை யார் எங்கிருந்து தாக்க முடியும்?

அடுத்து, கருவியின் ஆயுள். 1953ஆம் ஆண்டின் வட்டத் திருகி, வாங்கியவர் வீட்டில் பல்லாண்டு காலம் உழைத்தது. ஆனால் 2011, 2012ஆம் ஆண்டுகளின் நெஸ்ட் கருவிகளுக்குத் தன் ஆதரவை 2025 அக்டோபர் 25ஆம் நாளோடு கூகுள் நிறுத்திக்கொண்டது. அவற்றைச் சுவரில் கையால் திருகி இயக்கலாம். கைப்பேசியிலிருந்து இயக்க முடியாது. காசு கொடுத்து வாங்கியவர் கேட்காமலே, கருவியின் பாதித் திறமை பறிபோயிற்று. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இறுதியில் அவர்களைக் கைவிடாமல் நின்றது சுவரில் இருந்த அந்தத் திருகிதான்.

மேலும், நாம் எப்போது எழுகிறோம், எப்போது வெளியே போகிறோம், வீட்டில் ஆள் உண்டா இல்லையா என்பதெல்லாம் இக்கருவிக்குத் தெரியும். ஒரு சிறு திருகியின் நிறுவனம் 320 கோடி டாலர் பெற்றதற்கு இவ்வறிவும் ஒரு காரணம் என நாம் எண்ணுகிறோம்.

சிக்கனம் என்று சொன்னோமே, அதுவும் எப்போதும் உறுதியன்று. கலிபோர்னியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்டு பொருளியல் அறிஞர்கள் செய்த ஆய்வு ஒன்று 2022இல் வெளியாயிற்று. அவ்வீடுகளில் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டால் குறிப்பிடத்தக்க சிக்கனம் எதுவும் கிட்டவில்லை. கருவி குறைத்து வைத்ததை மனிதர்கள் மீண்டும் மீண்டும் மாற்றிவிட்டதே காரணம். ஆசையை அடக்கும் வேலையை எந்தக் கருவியாலும் நமக்காகச் செய்ய முடியாது.

கட்டுப்பாடு யாரிடம்?

இதுவரை கூறியவை கருவியின் குறைகள். இவற்றைக் காலப்போக்கில் அறிஞர்கள் திருத்திவிடலாம். ஆனால் எங்கள் வாதத்தின்போது எல்லாரையும் அமைதியாக்கிய செய்தி வேறு.

எங்களுள் ஒருத்தியின் அக்காள் இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறார். வாடகை வீட்டில் ஓர் அறையில் தங்கியிருக்கிறார். அவ்வீட்டின் வெப்பம் முழுவதும் வீட்டுக்காரரின் கைப்பேசியில் அடங்கியது. காலை எட்டு மணிக்கு எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள் என்று எண்ணி, அந்நேரம் முதல் மாலைவரை வெப்பத்தை அவர் தாழ்த்தி வைத்துவிட்டார். அக்காளுக்கோ இரவுப் பணி. இரவெல்லாம் நோயாளிகளைக் கவனித்துவிட்டு, காலை எட்டரைக்கு வந்து படுப்பவர் அவர். வீடு சூடாக இருக்கும் இரவில் அவர் வெளியே. அவர் உள்ளே வரும்போது வீடு குளிரும். போர்வைக்குள் அசையாமல் உறங்குபவரை, ஆள் இருப்பதாகவே கருவி அறியவில்லை. பலமுறை கேட்டபின்னரே பகலில் இரண்டு மணி நேரம் வெப்பம் கிடைத்ததாம். அம்மா கவலைப்படுவார்கள் என்று இதை அவர் வீட்டுக்கு எழுதவில்லை. தங்கையிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

இங்கே கருவி பழுதாகவில்லை. சொன்னதைச் சரியாகவே செய்தது. ஆனால் சொன்னவர் குளிரில் படுப்பவர் அல்லர். குளிரில் படுப்பவர்க்குச் சொல்லும் உரிமை இல்லை. இதுவே நாம் சிந்திக்க வேண்டிய இடம்.

வீட்டுக்குள்ளேயும் இது நிகழக்கூடும். மனைவியரை அச்சுறுத்தவும் அடக்கவும் கணவர்மார் சிலர் தெர்மோஸ்டாட், பூட்டு, விளக்கு ஆகியவற்றைக் கைப்பேசி வழியாகத் தொலைவிலிருந்து இயக்கினர் என்பதை 2018 ஜூன் மாதத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் விரிவாக எழுதியது. வீட்டில் ஒருவரே கருவியைப் பொருத்துகிறார். கடவுச்சொல் அவரிடமே இருக்கிறது. மற்றவர்கள் அவ்வீட்டில் விருந்தினர் போல் ஆகிவிடுகின்றனர். பெண்களாகிய நாம் இதைப் படித்துவிட்டு எளிதாகப் பக்கத்தைப் புரட்டிவிட முடியுமா?

ஊர் அளவிலும் இதுவே. 2022 ஆகஸ்டு 30ஆம் நாள், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கடும் வெயில். மின்சாரத் தேவை மிகுந்ததால், ஏறக்குறைய 22,000 வீடுகளின் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை மின்நிறுவனம் பூட்டிவைத்தது. வீட்டிலிருந்தோரால் குளிரூட்டலைக் கூட்ட முடியவில்லை. அவர்கள் சலுகைத் தொகை பெற்று, தாமே விரும்பிச் சேர்ந்த திட்டம்தான் அது. ஊர் முழுவதும் மின்சாரம் நின்றுபோவதைவிட அது மேலானது என்று வாதிடலாம். அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. ஆயினும், கையெழுத்திட்ட நாளில் பலர் அந்த ஆகஸ்டு மாத வெயிலை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மாறான ஒரு நல்ல வழக்கமும் உண்டு. நியூயார்க் நகரில் வாடகை வீடுகளுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 பாகை பாரன்ஹீட்டுக்குக் கீழே குளிர்ந்தால், வீட்டுக்காரர் உள்ளே குறைந்தது 68 பாகை வெப்பம் தர வேண்டும். இரவில் 62 பாகைக்குக் குறையக் கூடாது. செல்சியசில் சொன்னால் பகலில் 20, இரவில் ஏறத்தாழ 17. வெப்பம் என்பது வீட்டுக்காரரின் கருணை அன்று, குடியிருப்பவரின் உரிமை என்று அச்சட்டம் கூறுகிறது. கருவி எவ்வளவு புதியதாயினும் இந்த நீதி அதற்குமேல் நிற்க வேண்டும்.

நம் வீட்டிலும்

நம் நாட்டில் நட்சத்திரக் குறி பெற்ற அறைக் குளிர்சாதனங்கள், இயக்கியவுடன் 24 பாகையில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்று 2020இல் விதி வந்தது. நல்ல விதி. மின்சாரம் மிச்சமாகும். விரும்பியவர் மாற்றிக்கொள்ளவும் தடையில்லை. சிக்கனத்தையும் உரிமையையும் ஒருங்கே காப்பது இப்படித்தான்.

ஆனால் ஒரு கேள்வி. வீட்டில் அந்தத் தொலையியக்கி யார் கையில் இருக்கிறது? அடுக்களையில் வியர்வையோடு நிற்கும் அம்மாவின் கையிலா? "எனக்குக் குளிருகிறது" என்று மெல்லிய குரலில் சொல்லும் பாட்டியின் கையிலா? சுவரில் உள்ள கருவி தன்னைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை அளக்கும். மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முழங்கால் வலியை அளக்காது. அதை அளப்பதற்கு அவ்வீட்டுப் பிள்ளைகளாகிய நாம்தான் இருக்கிறோம். அன்புத் தோழியரே, நாளை கீசரும் மின்விசிறியும் கைப்பேசிக்குள் போகும்போது, கைப்பேசி இல்லாதவர் வீட்டில் யார் யார் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

நாம் கூறும் வழிகள்

இக்கருவியே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தாயைக் காக்கும் மகளுக்கு அது நல்ல துணை. ஆனால் வாங்குமுன் நான்கு செய்திகளைப் பார்த்தல் வேண்டும்.

ஒன்று, இணையம் இல்லாதபோதும் கையால் திருகி இயக்கத்தக்கதாக அது சுவரில் இருக்க வேண்டும். முதியவர்க்கும் அதன் எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இரண்டு, கடவுச்சொல் ஒருவர் சொத்தாக இருத்தல் கூடாது. வீட்டின் பெரியவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். வாடகை வீடானால், குடியிருப்பவர் கையிலும் கட்டுப்பாடு இருக்க வேண்டும்.

மூன்று, எத்தனை ஆண்டுகளுக்கு ஆதரவு தருவீர்கள் என்று கடையிலேயே கேட்க வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, இணையத்தோடு இணையும் வீட்டுப் பொருள்களைச் செய்வோர், பாதுகாப்பு மேம்பாடுகளைக் குறைந்தது எவ்வளவு காலம் தருவோம் என்பதை அறிவிக்க வேண்டும். எளிதில் ஊகிக்கத்தக்க ஒரே கடவுச்சொல்லை எல்லாக் கருவிகளுக்கும் வைப்பதையும் அச்சட்டம் தடுக்கிறது. அதுபோன்ற சட்டம் எல்லா நாடுகளிலும் வருதல் நலம்.

நான்கு, கருவியை நாடுமுன் கம்பளிச் சட்டையை நாடுவோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலின் 211ஆம் பத்தியில் இந்த வெப்பமூட்டலையே எடுத்துக்காட்டாகக் கூறியுள்ளார். செலவு செய்யும் வசதி இருந்தும், வெப்பமூட்டலைக் குறைத்துக் கனத்த ஆடை அணிபவர், படைப்பைக் காக்கும் மனம் உடையவர் என்பது அவர் கருத்து. இங்கே ஒரு நுட்பம் உண்டு. தனக்காகத் தானே குறைத்துக்கொள்வது தியாகம். பிறருக்காக நாம் குறைத்து வைப்பது தியாகம் ஆகாது. பாட்டியின் வெப்பத்தைக் குறைத்துவிட்டு, பூமியைக் காத்தோம் என்று நாம் பெருமை பேச முடியாது.

முடிவுரை

அறிவியலை வெறுத்தால் முன்னேற்றம் இல்லை. அதற்கு அடிமையானால் நிம்மதி இல்லை. வகுப்பறைக் குளிரைப் போக்க எண்ணிய ஓர் ஆசிரியரின் சிந்தனையில் வளர்ந்த கருவி இது. அதன் நோக்கம், உள்ளே இருப்பவர் வசதியாக இருக்க வேண்டும் என்பதே. அந்நோக்கம் மறக்கப்படாதவரை கருவி நல்லது.

எங்கள் மன்றத்தில் எந்த அணி வென்றது என்று கேட்பீர்கள். நடுவராக இருந்த ஆசிரியை தீர்ப்புக் கூறவில்லை. "வீட்டில் மிகவும் குளிருபவர் யாரோ, அவர் கைக்கு எட்டும் இடத்தில் அந்தத் திருகி இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்கள். இரு அணியினரும் கைதட்டினோம். ஒரு வீடு நல்ல வீடா என்று அறிய, அதில் எத்தனை கருவிகள் உள்ளன என்று எண்ண வேண்டுவதில்லை. அங்கே மிகவும் எளியவர் எழுந்து சென்று, யாரையும் கேட்காமல், யாருக்கும் அஞ்சாமல், தமக்கு வேண்டிய அளவு வெப்பத்தைத் திருகிக்கொள்ள முடிகிறதா என்று பார்த்தால் போதும்.